காரணமில்லாமல் கொட்டும் வியர்வை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வியர்வை பற்றி யார் கேட்டாலும் முதலில் ஒரு எதிர்க்கேள்வி போட வேண்டியிருக்கிறது: தூங்கும்போதும் வியர்க்கிறதா? கீழே உள்ள பதில்களில் சில, அந்த ஒரு விவரத்தை வைத்தே சொல்லப்பட்டவை.

கேள்வி: எனக்கு 19 வயது. எட்டாம் வகுப்பிலிருந்தே இரண்டு உள்ளங்கையும் வேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஏசி அறையிலும் நிற்பதில்லை. பரீட்சையில் விடைத்தாள் நனைந்து மை பரவிவிடுகிறது. தூங்கும்போது மட்டும் கை காய்ந்திருப்பதாக அம்மா சொல்கிறார். 'நரம்புத் தளர்ச்சி' என்கிறார் பாட்டி, 'உடம்புச் சூடு' என்கிறார் அப்பா. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். எனக்கு என்னதான் பிரச்சினை? — கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: அம்மா கவனித்துச் சொன்னதுதான் இதில் முக்கியமான தகவல். மருத்துவத்தில் இதற்கு 'பிரைமரி ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்று பெயர். வெளிப்படையான காரணம் இல்லாமல் 6 மாதத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அதிகமாக வியர்க்க வேண்டும். அதோடு இந்த ஆறில் இரண்டாவது பொருந்த வேண்டும்: இரு பக்கமும் ஒரே மாதிரி வியர்ப்பது, அன்றாட வேலையைக் கெடுப்பது, வாரம் ஒரு முறையாவது வருவது, 25 வயதுக்குள் தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருப்பது, தூக்கத்தில் நின்றுவிடுவது. உங்களுக்கு இப்போதே ஐந்து பொருந்துகிறது. அப்பாவின் கையையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. முதுகிலும் மார்பிலும் இருப்பவை பெரும்பாலும் வெயிலுக்கும் உழைப்புக்கும் சுரப்பவை. உள்ளங்கை, உள்ளங்காலில் இருப்பவை மனப் பதற்றத்துக்குப் பதில் சொல்பவை. ஏசி போட்டும் உங்கள் கை காயாததற்குக் காரணம் அதுதான். அப்பா சொல்லும் சூட்டுக்கு இதில் பங்கு குறைவு. பாட்டி சொல்லும் நரம்பு ஓரளவு சரி, ஆனால் அது தளரவில்லை. சுரப்பிக்குப் போகும் சிம்பதெடிக் நரம்பு (நாம் நினைக்காமலே தானாக இயங்குவது) தேவைக்கு மேல் கட்டளை கொடுக்கிறது. சுரப்பிகளின் எண்ணிக்கையும் அளவும் சாதாரணமாகவே இருக்கின்றன. 'நரம்புத் தளர்ச்சி' என்று லேகியம் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பரீட்சைக்கு: ஜெல் பேனாவும் மைப்பேனாவும் வேண்டாம், ரப்பர் பிடி உள்ள பால்பாயின்ட் பேனா இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று நனைந்தால் அடுத்தது. பருத்திக் கைக்குட்டையை நான்காக மடித்து, எழுதும் கையின் அடிப்பகுதிக்குக் கீழே வைத்து, வரி இறங்க இறங்க அதையும் இறக்குங்கள். ஓஎம்ஆர் தாள் என்றால் துணிக்குப் பதில் மை உறிஞ்சும் ஒற்றுத்தாள் நல்லது. துணியின் ஈரம் கட்டங்களைக் கலைத்துவிடும். கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நடுவில் சந்தேகப்பட்டு எழுப்ப மாட்டார். முகப்பவுடர் போடுவது வீண் வேலை. ஐந்து நிமிடத்தில் அது மாவுப் பசையாகித் தாளில் ஒட்டும்.

இவை சமாளிப்பு. சிகிச்சை அடுத்த இரண்டு பதில்களில் இருக்கிறது.

கேள்வி: அக்குளில் சட்டை நனைந்து வட்டம் போடுகிறது. மருந்துக் கடையில் அலுமினியம் குளோரைடு லோஷன் கொடுத்தார்கள். தினமும் காலை குளித்ததும் போட்டேன். பத்து நாளில் அரிப்பும் எரிச்சலும்தான் மிச்சம், வேர்வை குறையவே இல்லை. படிகாரம் தடவலாமா? — வங்கி ஊழியர், மதுரை

பதில்: மருந்து சரி, போட்ட நேரம் தப்பு. இந்த லோஷன் பலிக்காமல் போவதற்குப் பொதுவான காரணமே இதுதான்.

அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாய்க்குள் இறங்கி, அங்கே ஒரு சிறு அடைப்பாக உறைய வேண்டும். காலையில் குளித்த ஈரத்தோடு போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினால், சுரக்கிற வியர்வை அதை வெளியே தள்ளிவிடும். போதாக்குறைக்கு அது தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி தோலை அரிக்கும். உங்களுக்கு வந்த எரிச்சல் அதுதான். இரவில் சுரப்பி ஓய்ந்திருக்கும், மருந்துக்கு உள்ளே போக அவகாசம் கிடைக்கும்.

முதலில் மூன்று, நான்கு நாள் எதுவும் போடாமல் தோலை ஆற விடுங்கள். சிவந்திருந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமை மெல்லிதாகத் தடவலாம். அதன்பிறகு படுக்கப் போகும்போது துண்டால் ஒற்றி, கையைத் தூக்கிக்கொண்டு மின்விசிறி முன்னால் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. 'குளிர்' காற்றில் வைத்த ஹேர் டிரையர் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரே ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு பழைய பனியன் போடுங்கள், துணி நிறம் மாறும். 6 முதல் 8 மணி நேரம் கழித்து, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பகலில் போடவே வேண்டாம்.

அக்குளுக்கு 12 முதல் 15 சதவீதம் போதும். கடையில் பெரும்பாலும் 20 சதவீதம் கிடைக்கும். அது எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தெரிந்ததும் வாரம் ஒன்று அல்லது இரண்டு இரவு போட்டாலே நிற்கும். நிறுத்தினால் திரும்ப வரும், இது தீர்த்துக்கட்டும் மருந்தில்லை. சவரம் செய்தால் அடுத்த 2 நாளுக்குத் தொடாதீர்கள். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் இல்லை.

படிகாரத்திலும் அலுமினியம் உண்டு, ஆனால் வீரியம் போதாது. நாற்றம் குறையலாம், வட்டம் குறையாது. இன்னொன்று: 'டியோடரன்ட்' என்று மட்டும் எழுதியிருப்பது வாசனைக்கானது. வியர்வையைத் தடுப்பதில் 'ஆன்டிபெர்ஸ்பிரன்ட்' என்று இருக்கும். வாங்கும்போது புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

லோஷன் ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் பலிக்காவிட்டால் அக்குளுக்கு அடுத்த படி போட்டுலினம் டாக்ஸின் ஊசி. ஒவ்வொரு அக்குளுக்கும் 50 யூனிட், தோலுக்குள் 10 முதல் 15 இடத்தில் சிறு குத்து. ஊசிக்கு முன் அயோடின் தடவி மாவு தூவிப் பார்ப்பார்கள். வியர்க்கும் இடம் கருநீலமாக மாறும், அந்த எல்லைக்குள் மட்டும் ஊசி போனால் மருந்து வீணாகாது. ஒரு வாரத்தில் காயும், ஏறக்குறைய ஆறேழு மாதம் நிற்கும். உள்ளங்கைக்கும் போடலாம், ஆனால் வலி அதிகம், சில வாரம் கட்டைவிரல் பிடி தளரலாம். நுணுக்கமான கைவேலை செய்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் தையல் வேலை. கை வேர்வை பட்டு வெள்ளைத் துணி கறையாகிறது, ஊசி துருப்பிடிக்கிறது, சூப்பர்வைசர் திட்டுகிறார். லோஷன் கைக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் கரண்ட் வைக்கும் மெஷின் வாங்கினேன். இரண்டு வாரம் வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. மீட்டர் முள்ளே ஏறவில்லை. சுத்தமான ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன். — வாசகி, திருப்பூர்

பதில்: அந்தச் 'சுத்தமான' தண்ணீர்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது. குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றுங்கள். அதிலும் முள் ஏறாவிட்டால் தட்டுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துப் பாருங்கள்.

இந்த முறைக்கு அயன்டோஃபோரசிஸ் என்று பெயர். உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் நன்றாகப் பலிக்கக்கூடியது, பொறுமைதான் கேட்கும். இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உலோகத் தகடு, தகட்டின் மேல் துணியோ பிளாஸ்டிக் வலையோ. தோல் நேராக உலோகத்தில் பட்டால் சுட்டுவிடும். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றுங்கள். காலுக்கு வைக்கும்போது மெட்டியும் கொலுசும். ஊசி குத்திய காயம், நகக்கண் வெடிப்பு எல்லாவற்றிலும் வாஸ்லின் வைத்து மூடுங்கள். தையல்காரர் விரலில் அவை இல்லாமல் இருக்காது, மறந்தால் அந்த இடத்தில் சுருக்கென்று குத்தும். தண்ணீர் உள்ளங்கை மூழ்கும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும், புறங்கைக்கு ஏறக் கூடாது.

கையை வைத்த பிறகுதான் கரண்டை மெதுவாக ஏற்ற வேண்டும். கைக்கு 15 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை போகலாம். லேசாகக் குறுகுறுத்தால் சரி, வலித்தால் குறையுங்கள். பத்து நிமிடம் ஆனதும் முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்கி, திசையை மாற்றி, இன்னொரு பத்து நிமிடம். நடுவில் போன் அடித்தது என்று கையை வெடுக்கென்று எடுத்தால் ஷாக் அடிக்கும். ஆபத்து இல்லை, ஆனால் மறுபடி கை வைக்கவே பயமாகிவிடும்.

வாரத்துக்கு 3 அல்லது 4 நாள் என்று 6 முதல் 10 முறை வைத்த பிறகே பலன் தெரியும். பிறகு வாரம் ஒரு முறை, சிலருக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். உங்களுடைய இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாக எண்ணுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், கையிலோ காலிலோ பிளேட், ராடு வைத்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. மொபைல் சார்ஜரை வெட்டி இரண்டு கிண்ணத்தில் போட்டு வீட்டிலேயே இதைச் செய்யக் காட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றன. வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ள எதையும் தண்ணீரில் வைத்த கையோடு சேர்க்காதீர்கள்.

பலன் தெரியும்வரை, பிடிக்கும் கைக்கு மட்டும் மெல்லிய பருத்தி உறை போட்டுத் தையுங்கள். நான்கைந்து ஜோடி வைத்திருந்து மாற்ற வேண்டும். ரப்பர் உறை வேண்டாம், உள்ளே குளமாகிவிடும். ஷிப்ட் முடிந்ததும் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

கேள்விகள்: 1. என் கணவருக்கு 52 வயது. இரண்டு மாதமாக இரவில் பனியனும் தலையணை உறையும் பிழிகிற அளவுக்கு வேர்க்கிறது. எடையும் குறைந்திருக்கிறது. — திண்டிவனம். 2. எனக்கு 48 வயது. திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை அனல் ஏறி, வேர்த்து, உடனே குளிர்கிறது. — சேலம். 3. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு வேர்த்து, நடுங்கி எழுகிறார். — காரைக்குடி

பதில்: இருவருக்குத் தூக்கத்திலும் வியர்க்கிறது; மூவருக்குமே வயது 25 தாண்டிய பிறகு தொடங்கியிருக்கிறது, உடம்பு முழுக்க அல்லது பரவலாக வருகிறது. ஆகவே ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்னது எதுவும் இங்கே செல்லாது. காரணத்தைத் தேட வேண்டும்.

திண்டிவனம் வாசகி தள்ளிப்போட வேண்டாம். இரவு வியர்வையும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதலில் காசநோயை நினைக்க வேண்டும், அடுத்து நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயை. இருமல் இல்லாவிட்டாலும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி தட்டுப்படுகிறதா என்று நீங்களே தடவிப் பார்த்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அணுக்கள், இஎஸ்ஆர், சர்க்கரை, தைராய்டு ஆகியவை முதல் சுற்றிலேயே பார்க்கப்படும்.

சேலம் வாசகி சொல்வது மாதவிடாய் நிற்கும் காலத்து அனலைப் போல இருக்கிறது. சில நிமிடத்தில் அடங்கும். ஆனாலும் ஒரு முறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். தைராய்டு கூடினாலும் வியர்வை வரும், கூடவே கைநடுக்கம், படபடப்பு, பசி இருந்தும் இளைப்பது இருக்கும். பருத்தி உடை, படுக்கைக்குப் பக்கத்தில் விசிறி, இரவுக் காபியை நிறுத்துவது ஆகியவை சிலருக்கே போதும். போதாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. அது யாருக்குப் பொருந்தும் என்பதை மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

காரைக்குடி அப்பாவுக்குச் சர்க்கரை இறங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கும் அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். மீட்டர் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். இரவு மாத்திரையின் அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை இரவுச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது.

சில மாத்திரைகளும் வியர்க்க வைக்கும்: மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், வென்லாஃபாக்ஸின், வலிக்கான டிரமடால், அளவு கூடிப்போன தைராக்ஸின். தானாக நிறுத்தினால் வேறு தொல்லை வரும், சீட்டை எடுத்துக்கொண்டு எழுதிக்கொடுத்தவரிடமே போங்கள். திடீரென்று குளிர்ந்த வியர்வை கொட்டி, மார்பு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு 108. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியில்லாமல் வெறும் வியர்வையாகவும் வரும்.

கேள்வி: செக்யூரிட்டி வேலை, 12 மணி நேரம் பூட்ஸ். கால் வேர்த்து நாற்றம் தாங்கவில்லை. உள்ளங்காலில் ஊசியால் குத்தியது போல சின்னச் சின்னக் குழிகள். — சென்னை வாசகர்

பதில்: குழிகள் இருந்தால் அது வெறும் வியர்வை நாற்றம் இல்லை. ஈரத்தில் ஊறிய தோலைப் பாக்டீரியா அரித்திருக்கிறது. தோல் மருத்துவர் தரும் கிளிண்டாமைசின் அல்லது ஃபியூசிடிக் அமில மருந்தைத் தடவினால் சில வாரத்தில் ஆறும். படர்தாமரை மருந்து இதற்குக் கேட்காது, இது பூஞ்சை இல்லை. இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரு ஜோடி முழுதாக 24 மணி நேரம் காய வேண்டும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். ஷிப்ட் நடுவில் சாக்ஸ் மாற்றுங்கள். இரவில் உள்ளங்காலுக்கு மதுரை வாசகருக்குச் சொன்ன அதே லோஷன், 20 சதவீதத்தில். குழி ஆறிய பிறகுதான்.

கேள்வி: கிளைகோபைரோலேட் மாத்திரை சாப்பிட்டால் மொத்தமாக நிற்குமாமே? நான் கட்டட வேலை செய்கிறேன். — வாசகர், வேலூர்

பதில்: பலருக்கு வெகுவாகக் குறையும், அதனால்தான் வேலூர் வெயிலில் சாரத்தின் மேல் நிற்பவருக்கு அது ஆபத்து. வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கிறது. அதை அடைத்துவிட்டுச் சித்திரை வெயிலில் வேலை செய்தால் வெப்பத் தாக்கு வரும். நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு டாக்டர் 1 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுப்பதுண்டு. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டோடு போனால் உடம்பில் சரியாகச் சேராது. வாய் வறட்சி அநேகமாக எல்லோருக்கும் வரும், மலச்சிக்கலும் பார்வை மங்கலும் சிலருக்கு. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குக் கூடாது.

கேள்வி: ஆபரேஷன் செய்தால் கை வேர்வை அன்றைக்கே நின்றுவிடுமாம். மகளுக்கு வரன் பார்க்கிறோம், செய்துவிடலாமா? — தாய், தஞ்சாவூர்

பதில்: அன்றைக்கே நிற்பது உண்மை. மார்புக்குள் சிறு கேமராவை விட்டு, விலா எலும்பு ஓரமாக ஓடும் சிம்பதெடிக் நரம்பை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். சொல்லாமல் விடப்படுவது அடுத்த பகுதி: கையில் நின்றது முதுகு, வயிறு, தொடையில் கிளம்பும். செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓரளவில் இது வருகிறது. சிலருக்குப் புடவை உடம்போடு ஒட்டும் அளவுக்கு. வெட்டிய நரம்பைத் திரும்பப் பழையபடி ஆக்க நம்பகமான வழி கிடையாது, கிளிப்பை எடுத்தாலும் எல்லோருக்கும் சரியாவதில்லை. அபூர்வமாகக் கண்ணிமை தொங்கிப்போவதும், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதும் உண்டு. லோஷன், கரண்ட் தண்ணீர், ஊசி மூன்றும் ஒழுங்காகச் செய்து தோற்ற பிறகு, மகளே கேட்டால் யோசிக்கலாம். வரனுக்காக வேண்டாம்.

கேள்வி: சாப்பிடும்போது மட்டும் நெற்றி வேர்க்கிறது. — நாகர்கோவில்

பதில்: மீன் குழம்புக்கு வியர்த்தால் மிளகாயின் வேலை. தயிர் சாதத்துக்கும் வியர்த்தால், நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கலாம். காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பியில் அறுவை நடந்த பக்கம் மட்டும் கன்னம் வியர்ப்பதும் உண்டு. அங்கே நரம்பு வழி மாறி முளைத்திருக்கும், அதற்கு ஊசி சிகிச்சை இருக்கிறது. எந்த வரலாறும் இல்லாமல் முகத்தின் ஒரு பாதி மட்டும் வியர்க்கத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ரேஷன் கடையில் கைரேகை விழுவதே இல்லை. வேர்வைதான் காரணம் என்கிறார்கள். நான்கு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். — விழுப்புரம்

பதில்: ரேகை என்பது மேடும் பள்ளமும். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் கருவிக்கு எல்லாம் ஒரே திட்டாகத் தெரியும். சிறு சானிட்டைசர் புட்டி கொண்டு போங்கள். முறை வருவதற்கு முன் விரலில் ஒரு துளி தேய்த்து, அது ஆவியாகும்வரை ஊதி, காய்ந்த துணியால் முதலில் கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விரலை உடனே வையுங்கள். அழுத்த வேண்டாம், அழுத்தினால் ரேகை நசுங்கும். கட்டைவிரலை விட மோதிர விரல் சிலருக்கு எளிதில் விழும். அப்படியும் விழாவிட்டால் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.